எத்தனையாவது முடியப்பர்? விக்கிப்பீடியாவில் திருச்சபை வரலாறு எழுதப்படும் விதம்

752ஆம் ஆண்டு மார்ச்சில் ரோமில் ஸ்தேவான் (பழைய தமிழ் வழக்கில் முடியப்பர்) என்ற குருவைத் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றே நாளில் வாதம் வந்து இறந்துபோனார். அவரை ஆயராக்கும் சடங்கான திருப்பொழிவுகூட நடக்கவில்லை. அந்தக் காலத்தில் திருப்பொழிவு நடந்த நாளிலிருந்துதான் பதவிக் கணக்கு. அதனால் அவர் காலத்தவர் அவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. தேர்வாகிச் சம்மதம் சொன்னாலே ஒருவர் திருத்தந்தை என்ற சட்டம் பிறகு வந்தது. அந்தச் சட்டத்தை வைத்துப் பழையதைப் பார்த்தவர்கள், பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் அவரை 'இரண்டாம் ஸ்தேவான்' என்று உள்ளே கொண்டுவந்தார்கள். வத்திக்கானின் ஆண்டுக் கையேடான 'அன்னுவாரியோ பொந்திஃபீச்சியோ' 1961ல் அவரை மறுபடி வெளியே எடுத்தது. விளைவு, அவருக்குப் பின் வந்த ஸ்தேவான்கள் எல்லோருக்கும் இரண்டிரண்டு எண்கள். 752 முதல் 757 வரை ஆண்டவர் புதுக்கணக்கில் இரண்டாமவர், பழங்கணக்கில் மூன்றாமவர். 1057ல் வந்த கடைசி ஸ்தேவான் ஒன்பதாமவரா பத்தாமவரா என்பது நீங்கள் கையில் வைத்திருக்கும் புத்தகம் எந்த ஆண்டு அச்சானது என்பதைப் பொறுத்தது.

இணையக் கலைக்களஞ்சியத்தில் கத்தோலிக்கத் திருச்சபை வரலாற்றைப் பல பேர் சேர்ந்து எழுதுகிறார்கள் என்றதும், விசுவாசிகளுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் நடக்கும் சண்டைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அதுவும் உண்டு. ஆனால் கட்டுரைகளின் உரையாடல் பக்கங்களைத் திறந்து படித்தால், ஆட்கள் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் மூன்று விஷயங்களுக்காக: எண், பெயர், தேதி. மூன்றிலும் நடக்கும் வேலை ஒன்றுதான். யாருடைய பட்டியலை எடுத்துக்கொள்கிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும், எடுத்துக்கொண்டதை வாசகர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். இந்த முடிவை எடுக்காமல் ஆளுக்கொரு நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால், ஒரே மனிதருக்கு இரண்டு கட்டுரைகளும் இரண்டு மனிதருக்கு ஒரே இணைப்பும் முளைத்துவிடும்.

இல்லாத யோவானும் இரண்டு இருபத்துமூன்றும்

எண் குழப்பத்துக்கு ஸ்தேவான் மட்டும் காரணமில்லை. 1276ல் தேர்வான போர்ச்சுக்கல்காரர் ஒருவர் 21ஆம் யோவான் என்று பெயர் எடுத்துக்கொண்டார். 20ஆம் யோவான் என்று ஒருவர் இருந்ததே இல்லை. முந்தைய பட்டியல்காரர்கள் இடையில் ஒரு யோவானைக் கூடுதலாக எண்ணிவிட்டார்கள், அந்தப் பிழை அப்படியே தங்கிவிட்டது. (அந்த 21ஆம் யோவான் மறு ஆண்டே வித்தேர்போ மாளிகையில் கூரை இடிந்து விழுந்து இறந்தார் என்பது தனிக் கதை.) மரீனுஸ் என்ற பெயரில் இரண்டு திருத்தந்தையர் உண்டு. அதை மார்ட்டின் என்று தவறாகப் படித்ததால், 1281ல் வந்த மார்ட்டின் நேராக நான்காம் மார்ட்டின் ஆனார். இரண்டாம், மூன்றாம் மார்ட்டின் எங்கே என்று புதிய பங்களிப்பாளர் ஒருவராவது கேட்பார். சிவப்பு இணைப்பு (இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கான இணைப்பு) கண்ணில் பட்டதும், 'விடுபட்ட கட்டுரை' என்று எண்ணித் தொடங்குபவரும் உண்டு. இந்த இடங்களில் வழிமாற்றுப் பக்கம் (தேடுபவரைச் சரியான கட்டுரைக்குத் திருப்பிவிடும் பக்கம்) ஒன்றை முன்கூட்டியே போட்டு, ஏன் இந்த எண்ணில் ஆள் இல்லை என்று கட்டுரைக்குள் இரண்டு வரி எழுதிவைப்பதுதான் நிரந்தர மருந்து.

இதைவிடச் சிக்கலானது 1378 முதல் 1417 வரை நீடித்த மேற்கத்தியப் பெரும்பிளவு. ரோமில் ஒருவர், அவிஞ்ஞோனில் ஒருவர், 1409க்குப் பின் பீசா வழியில் மூன்றாமவர் என்று ஒரே நேரத்தில் மூன்று பேர் தாமே திருத்தந்தை என்றார்கள். பீசா வழியில் 1410ல் வந்த பால்தசாரே கோஸ்ஸாவின் பெயரும் 23ஆம் யோவான். 1958ல் தேர்வான ஆஞ்செலோ ரொங்காலியின் பெயரும் 23ஆம் யோவான். ரொங்காலி அந்த எண்ணை எடுத்ததன் மூலம் கோஸ்ஸா எதிர்-திருத்தந்தை, அதாவது முறையற்ற உரிமைக்காரர் என்பது நடைமுறையில் உறுதியானது. பீசா வழியின் இன்னொருவரான ஐந்தாம் அலெக்சாந்தரின் எண்ணை அப்படி யாரும் மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை. 1492ல் வந்தவர் அவரையும் எண்ணி ஆறாம் அலெக்சாந்தர் என்று வைத்துக்கொண்டார்.

விக்கியில் இது எங்கே இடிக்கும்? கான்ஸ்தன்சு பொதுச்சங்கத்தைப் (1414–1418) பற்றி எழுதும் ஒருவர் 'இருபத்துமூன்றாம் யோவான் சங்கத்தைக் கூட்டினார்' என்று எழுதி, பெயரை இரண்டு சதுர அடைப்புக்குள் போட்டுவிடுவார். இணைப்பு நீல நிறத்தில் அழகாக வரும். சொடுக்கினால் இருபதாம் நூற்றாண்டுக்குப் போய், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர் முன் நிற்போம். இரண்டு பேருமே சங்கம் கூட்டியவர்கள் என்பதால் பிழை சட்டென்று தெரியாது. சிவப்பு இணைப்பைத் தேடிக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. தப்பான இடத்துக்குப் போகும் நீல இணைப்பைக் கண்டுபிடிக்க ஆள்தான் வேண்டும். 'இப்பக்கத்தை இணைத்தவை' பட்டியலைத் திறந்து, 1958க்கு முந்தைய காலத்தைப் பேசும் கட்டுரைகளிலிருந்து ரொங்காலிக்கு வரும் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மொத்த எண்ணிக்கையும் இப்படித்தான். 2025 மே 8 அன்று தேர்வான பதினான்காம் லியோ 267ஆவது திருத்தந்தை என்கிறோம். ஆனால் ஆட்களை எண்ணினால் 265தான் வரும். ஒன்பதாம் பெனடிக்ட் 1032க்கும் 1048க்கும் இடையில் மூன்று முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர். பட்டியல் அவரை மூன்று முறை எண்ணுகிறது. அவருடைய தகவற்சட்டத்தில் (கட்டுரையோரம் வரும் சுருக்கப் பெட்டி) 'முன்னிருந்தவர்', 'பின்வந்தவர்' என்ற கட்டங்கள் மூன்று ஜோடியாக வர வேண்டும்: 19ஆம் யோவானுக்குப் பின், மூன்றாம் சில்வெஸ்தருக்கு முன்; சில்வெஸ்தருக்குப் பின், ஆறாம் கிரகோரிக்கு முன்; இரண்டாம் கிளமெண்டுக்குப் பின், இரண்டாம் தமாசுசுக்கு முன். வார்ப்புருவில் ஒரே ஒரு ஜோடிக்குத்தான் இடம் இருக்கிறது என்று யாராவது மற்ற இரண்டையும் எடுத்துவிட்டால், சங்கிலி நான்கு கட்டுரைகளில் அறுந்துவிடும். ஒரு கண்ணியைத் தொட்டால் இருபுறமும் உள்ள கட்டுரைகளையும் அதே அமர்வில் திருத்திவிட வேண்டும். இது எழுதப்படாத விதி. மீறுபவர்கள் புதியவர்கள் மட்டுமல்ல.

நடைமுறையில் பெரும்பாலான மொழி விக்கிகள் அன்னுவாரியோவின் எண்வரிசையையே தலைப்புக்கு எடுத்துக்கொள்கின்றன. 1947ல் வத்திக்கான் ஆவணக்காப்பகத் தலைவர் ஆஞ்செலோ மெர்க்காத்தி திருத்தியமைத்த பட்டியல் அதன் அடிப்படை. அது வத்திக்கானின் சொந்த நூல் ஆயிற்றே, நடுநிலை எங்கே என்ற கேள்வி அடிக்கடி எழும். யார் முறையான திருத்தந்தை என்று தீர்ப்பளிக்க யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. எல்லோரும் ஒரே தலைப்பில் எழுதுவதற்கு ஒரு பொது அளவுகோல் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். தலைப்பில் ஒரு பட்டியலைப் பின்பற்றிவிட்டு, உள்ளே மாற்றுக் கணக்கையும் அதற்கான காரணத்தையும் எழுதிவிட்டால் நடுநிலை கெடாது.

சிங்கராயரா, லியோவா?

தமிழில் எழுதும்போது எண்ணைவிடப் பெயர்தான் அதிக நேரம் தின்னும். கத்தோலிக்கத் தமிழுக்கென்று ஒரு நீண்ட பெயர் மரபு இருக்கிறது. ஸ்தேவான் என்றால் முடியப்பர், பயஸ் என்றால் பத்திநாதர், லியோ என்றால் சிங்கராயர், பெனடிக்ட் என்றால் ஆசீர்வாதப்பர். பழைய செப நூல்களில் பேதுரு இராயப்பராகவும் பவுல் சின்னப்பராகவும் யோவான் அருளப்பராகவும் இருப்பார்கள். 1995ல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வந்தபோது பேதுரு, பவுல், யோவான் என்ற வடிவங்கள் கத்தோலிக்கரிடமும் நிலைபெற்றன. ஆக, 1978ல் பதவிக்கு வந்த போலந்துத் திருத்தந்தை ஒருவரே தமிழ் அச்சில் இரண்டாம் அருள் சின்னப்பர், இரண்டாம் ஜான் பால், இரண்டாம் யோவான் பவுல் என்று மூன்று பெயர்களில் நடமாடுகிறார். இந்த மூன்றும் ஒருவரே என்று தெரியாத ஒரு பள்ளி மாணவர் தேடல் பெட்டியில் எதைத் தட்டினாலும் சரியான கட்டுரைக்கு வந்து சேர வேண்டும்.

அதற்கான வழி எளியது, ஆனால் பொறுமை வேண்டும். கட்டுரைக்கு ஒரு தலைப்பு, மற்ற எல்லா வடிவங்களுக்கும் வழிமாற்று. எண்ணைச் சொல்லாக எழுதுவதா ('பதினாறாம் பெனடிக்ட்'), இலக்கமாக எழுதுவதா ('16ஆம் பெனடிக்ட்') என்பதற்கும் சேர்த்து வழிமாற்று. கிரந்த எழுத்து விவாதம் இதன் மேல் இன்னொரு மாடி: பிரான்சிஸ், பிரான்சிசு இரண்டுக்கும் தேவை. கணக்குப் போட்டால் ஒரு திருத்தந்தைக்கு ஆறு முதல் பத்து வழிமாற்றுகள் சாதாரணமாக வரும். கட்டுரை எழுதிய கையோடு இவற்றைப் போடாவிட்டால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் 'பத்தாம் பத்திநாதர்' என்று புதிதாக ஒரு குறுங்கட்டுரை தொடங்குவார். பிறகு இரண்டையும் இணைக்க வேண்டும். இணைக்கும்போது எந்தப் பக்கத்தின் தொகுப்பு வரலாற்றைத் தக்கவைப்பது என்று இன்னொரு விவாதம்.

'திருத்தந்தை' என்ற சொல்லே நடுநிலையா என்பது அடுத்த கேள்வி. 'திரு' என்பதில் மரியாதை இருக்கிறது, விசுவாசியின் வாயில் வரும் சொல். 'பாப்பரசர்' என்பதில் அரசர் ஒளிந்திருக்கிறார். நாளிதழ்களில் 'போப்' என்றே ஓடுகிறது. நம் பார்வையில், திருத்தந்தை என்பது தமிழில் பதவிப் பெயராகவே நிலைத்துவிட்டது. 'திருச்சபை' என்று எழுதும்போது யாரும் தயங்குவதில்லையே. தலைப்பில் அதை ஏற்றுக்கொண்டு, 'தூய', 'மேதகு', 'ஆண்டகை', 'அவர்கள்' போன்ற ஒட்டுகளை உள்ளடக்கத்திலிருந்து களைவதே நியாயமான இடைவழி. ஆங்கிலப் பதிப்பிலும் இதே வகைச் சண்டை பெரிய அளவில் நடந்தது. 'ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை' என்றிருந்த தலைப்பு, நீண்ட சமரசப் பேச்சுக்குப் பின் 2009ல் 'கத்தோலிக்கத் திருச்சபை' ஆனது. சீரோ மலபார், சீரோ மலங்கரா உட்பட 23 கீழைத் திருச்சபைகள் ரோமோடு ஒன்றிப்பில் இருக்கின்றன. 'ரோமன்' என்ற அடை அவற்றை வெளியே தள்ளுகிறது என்பது ஒரு தரப்பின் வாதம். அதை எடுத்தால் பிற சபைகளின் 'கத்தோலிக்க' உரிமைக்கோரலை ஒதுக்குவதாகிறது என்பது மறுதரப்பு.

பெயரைவிட நுணுக்கமானவை வினைச்சொற்கள். ஒரே நிகழ்ச்சியை 'நற்செய்தி அறிவித்தார்' என்றும், 'சமயம் பரப்பினார்' என்றும், 'மதம் மாற்றினார்' என்றும் எழுதலாம். மூன்றும் மூன்று முகாம்களிலிருந்து வரும். 'இன்ன ஊரில் இத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்று அவருடைய கடிதம் கூறுகிறது' என்று எழுதினால் மூன்று முகாமுக்கும் திருத்த எதுவும் இருக்காது. 'மறைசாட்சியாக உயிர்துறந்தார்' என்பதற்கு முன் 'கொல்லப்பட்டார்' என்ற செய்தி வர வேண்டும். மறைசாட்சி என்று அறிவித்தது யார், எந்த ஆண்டு என்பது அடுத்த வாக்கியம். தேவசகாயம் கட்டுரை இதற்கு நல்ல பயிற்சிக்களம். 1712ல் நட்டாலத்தில் பிறந்தவர், 1745ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்றவர். ஏன் கொல்லப்பட்டார் என்பதில் மதமாற்றம், அரண்மனை அரசியல் என்று எழுத்தாளர்கள் பிரிகிறார்கள். அதை 'யார் எழுதியது' என்று பெயரோடு சொல்லியே ஆக வேண்டும். புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது சாதிப் பின்னொட்டு இல்லாமல் தேவசகாயம் என்றே அழைக்கப்பட்டார். அதற்கு முந்தைய நூல்களிலெல்லாம் பின்னொட்டு இருக்கிறது. தலைப்பில் ஒன்று, வழிமாற்றில் இன்னொன்று, பெயர் எப்போது ஏன் மாறியது என்று உள்ளே ஒரு பத்தி. ஒரு வடிவத்தை முற்றாக அழித்துவிட்டால் பழைய நூலைப் படித்துவிட்டு வருபவருக்கு வழி தெரியாது.

தேதி எப்படி நழுவுகிறது

மிக எளிய உதாரணத்திலிருந்து தொடங்கலாம். பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகியது 2013 பிப்ரவரி 28, ரோம் நேரம் இரவு 8 மணி. அப்போது சென்னையில் மார்ச் 1, நள்ளிரவு 12.30. இரண்டாம் யோவான் பவுல் இறந்தது 2005 ஏப்ரல் 2, ரோமில் இரவு 9.37. இங்கே ஏப்ரல் 3, அதிகாலை 1.07. பிரான்சிசின் பெயர் மாடத்தில் அறிவிக்கப்பட்டபோது ரோமில் 2013 மார்ச் 13 இரவு, இங்கே 14 பிறந்துவிட்டது. மூன்று நிகழ்ச்சியிலும் இங்கிருந்து செய்தி பார்த்துக்கொண்டே தொகுப்பவர் நல்லெண்ணத்தோடுதான் ஒரு நாள் தள்ளிப் போடுகிறார். திருத்துபவர் சும்மா மாற்றிவிட்டுப் போகாமல், தொகுப்புச் சுருக்கத்தில் 'ரோம் உள்ளூர் நேரம்' என்று இரண்டு சொல் எழுதினால் அடுத்தவர் மறுபடி மாற்ற மாட்டார்.

பழங்காலத்துக்குப் போகப் போக இது கடினமாகும். 1582ல் அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 ஆனது. அதற்கு முந்தைய தேதிகளை ஜூலியன் நாட்காட்டியிலேயே விட்டுவிட வேண்டும், மாற்றிக் கணக்கிடக் கூடாது. தகவற்சட்டங்கள் இப்போது எல்லா மொழி விக்கிகளுக்கும் பொதுவான தரவுக் கிடங்கான விக்கித்தரவிலிருந்து தாமாகவே தேதியை இழுக்கின்றன. அங்கே ஒவ்வொரு தேதிக்கும் எந்த நாட்காட்டி என்ற குறி உண்டு. மொத்தமாக ஏற்றப்பட்ட தரவில் அந்தக் குறி தவறியிருந்தால், 1552 டிசம்பர் 3 அன்று இறந்த சவேரியார் ஏதோ ஒரு மொழியில் டிசம்பர் 13 அன்று இறந்ததாகக் காட்டக்கூடும். கட்டுரையைத் திருத்திப் பயனில்லை. ஊற்று விக்கித்தரவில் இருக்கிறது, அங்கே போய் 'வகித்த பதவி' என்ற பண்பின் கீழ் தொடக்கம், முடிவு, முன்னிருந்தவர், பின்வந்தவர் நான்கையும் சான்றோடு பூர்த்தி செய்துவிட்டு வர வேண்டும்.

கன்னியாகுமரிப் பக்கத்துக் கோயில் கல்வெட்டுகளில் கொல்லம் ஆண்டு வரும். 825ஐக் கூட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள நாட்களுக்கு 824தான் கூட்ட வேண்டும், ஜனவரிக்குப் பின் 825. கல்வெட்டில் மாதம் இல்லை என்றால் '1744/45' என்று இரட்டையாகவே எழுத வேண்டும். ஒரு பங்கின் வரலாறு ஓராண்டு முன்னே போவதற்கு இந்தக் கூட்டல் ஒன்றே போதும்.

வீரமாமுனிவர் எப்போது இறந்தார் என்பதும் இந்த வகை. 1742ல் மணப்பாட்டில் என்று நெடுங்காலமாக எழுதிவந்தார்கள். இயேசு சபையின் ஆவணங்களை வைத்து எழுதியவர்கள் 1747 பிப்ரவரி 4, அம்பழக்காடு என்கிறார்கள். தகவற்சட்டத்தில் ஓர் ஆண்டுக்குத்தான் இடம். ஆவணத்துக்கு நெருக்கமானதை அங்கே வைத்து, மற்றதை அடிக்குறிப்பில் தள்ளாமல் வாழ்க்கைப் பகுதியிலேயே ஒரு வாக்கியமாகச் சொல்வது நல்லது. ஏனென்றால் 1742 என்று அச்சிட்ட நூலைக் கையில் வைத்திருப்பவர் 'பிழை திருத்துகிறேன்' என்று வந்துகொண்டே இருப்பார். அவருடைய நூலையும் கட்டுரை பார்த்திருக்கிறது என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுவார்.

நூற்றாண்டு மலரும் பழைய கலைக்களஞ்சியமும்

இந்தத் துறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெரிய மூலம், 1907 முதல் 1912 வரை நியூயார்க்கில் 15 தொகுதிகளாக வந்த ஆங்கிலக் கத்தோலிக்கக் கலைக்களஞ்சியம். பதிப்புரிமை காலாவதியாகிவிட்டதால் ஆங்கில விக்கிப்பீடியாவின் தொடக்க ஆண்டுகளில் அதிலிருந்து கட்டுரைகள் அப்படியே ஏற்றப்பட்டன. மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழுக்கும் அதன் வாடை வந்திருக்கிறது. சட்டப்படி தவறில்லை. உள்ளடக்கத்தில் மூன்று ஆபத்துகள் உண்டு. ஒன்று, நடை: லூத்தரைப் பற்றியும் பிற சபைகளைப் பற்றியும் அது ஒரு தரப்பாகவே பேசுகிறது. இரண்டு, ஆராய்ச்சி முன்னேறிவிட்டது. சவேரியார் இறந்த நாளை அது டிசம்பர் 2 என்கிறது. மூன்று, எல்லைகள். அதில் உள்ள திருச்சினாப்பள்ளி மறைமாவட்டம் 1923ல் தூத்துக்குடியும் 1938ல் மதுரையும் பிரிவதற்கு முந்தையது. அதைப் பார்த்து 'திருச்சி மறைமாவட்டத்தில் அமைந்துள்ள' என்று நிகழ்காலத்தில் எழுதினால் நூறாண்டுப் பிழை. 1967ல் வந்த புதிய கத்தோலிக்கக் கலைக்களஞ்சியத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அதைச் சான்றாகக் காட்டலாம், வரிகளை எடுக்க முடியாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பிப் பதிப்புரிமை மீறலில் மாட்டுகிறவர்கள் உண்டு.

ஆயர்களின் பட்டியலுக்கு எல்லோரும் ஓடுவது சில இணையத் தரவுத்தளங்களுக்கு. தேதி, முன்னிருந்தவர், திருப்பொழிவு அளித்தவர் என்று வேண்டியதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஆனால் தனிமனிதர் நடத்தும் தளம், ஆசிரியர் குழு கிடையாது என்றால் விக்கியின் அளவுகோலில் அது வலுவான சான்று ஆகாது. வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, மேலே ஏற வேண்டும். 1198 முதலான ஆயர் நியமனங்களுக்கு கொன்ராட் யூபெல் தொடங்கிய 'ஹியரார்க்கியா கத்தோலிக்கா' தொகுதிகள் இருக்கின்றன. 1909 முதல் வத்திக்கானின் அரசிதழ் போன்ற 'ஆக்தா அப்போஸ்தோலிச்சே சேதிஸ்' வருகிறது, அதற்கு முன் 1865 முதல் இன்னொரு பெயரில் ஒரு தொடர். அந்த இதழின் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் கிடைத்துவிட்டால் ஒரு நியமனத் தேதி பற்றிய சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

முதல் நூற்றாண்டுகளுக்கு இந்த வசதி இல்லை. திருத்தந்தையரின் வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்பான 'லீபர் பொந்திஃபிகாலிஸ்' தொடக்ககாலத் திருத்தந்தையர் பலரை மறைசாட்சிகள் என்கிறது. அது பிற்காலத் தொகுப்பு, பாதி பக்திக் கதை. லீனு, கிளேத்து போன்ற சிலரின் நினைவு நாட்களை 1969ல் ரோமைய நாட்காட்டியிலிருந்து திருச்சபையே எடுத்துவிட்டது. 'மரபுப்படி' என்ற ஒரு சொல்லை எங்கே போட வேண்டும் என்று தெரிந்தவரே இந்தப் பகுதியில் கைவைக்கலாம்.

உள்ளூர் வரலாற்றில் நிலைமை வேறு. ஒரு பங்கைப் பற்றி அச்சில் இருப்பது பெரும்பாலும் நூற்றாண்டு விழா மலர் ஒன்றுதான். மணிக்கூண்டு எப்போது எழுந்தது, இன்னாரெல்லாம் பங்குத்தந்தையாக இருந்தார்கள் என்பவற்றுக்கு மலரை நம்பலாம். 'இக்கோயிலைச் சவேரியாரே கட்டினார்' என்பதற்கு நம்பக் கூடாது. கடற்கரை ஊர்களில் பாதி மலர்கள் அப்படித்தான் தொடங்கும். பழைய திருமுழுக்குப் பதிவேட்டைப் படம் எடுத்துக்கொண்டு வந்து 'இதோ ஆதாரம்' என்பவர்களிடம் இல்லை என்று சொல்வது சங்கடம்தான். ஆனால் வெளியாகாத பதிவேட்டிலிருந்து முடிவு காண்பது சொந்த ஆய்வு, விக்கியில் அதற்கு இடமில்லை. அதே பதிவேட்டையோ செண்பகனூர் இயேசு சபை ஆவணக்காப்பகத்தையோ பார்த்து எழுதிய ஆய்வாளரின் நூல் இருந்தால், அந்த நூலைக் காட்டலாம். பதிவேட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய நல்ல ஆலோசனை: முதலில் ஓர் ஆய்விதழில் கட்டுரையாக எழுதுங்கள், பிறகு மற்றவர்கள் உங்களை மேற்கோள் காட்டுவார்கள்.

வேளாங்கண்ணி இந்த வகையில் தொட்டால் சுடும் கட்டுரை. பால்காரச் சிறுவன், மோர் விற்ற ஊனமுற்ற சிறுவன், புயலில் தப்பிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் என்ற மூன்று செய்திகளும் வாய்மொழி மரபு. 1962ல் பேராலயம் ஆக்கப்பட்டது ஆவணமுள்ள செய்தி. இரண்டையும் ஒரே தொனியில் எழுதினால் ஒரு தரப்பு 'சான்று தேவை' வார்ப்புருவை வரிக்கு வரி ஒட்டும். மரபை நீக்கினால் மறுதரப்பு பொங்கும், அதுவும் நியாயமே. கோடிக்கணக்கானோர் எதை நம்பி அங்கே போகிறார்கள் என்பதே வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்தான். 'மரபுச் செய்திகள்' என்று தனித் தலைப்பு, அதற்குக் கீழே மூன்றும், பிறகு 'வரலாறு' என்று வேறு தலைப்பு. இந்தப் பிரிப்பு வந்த பிறகு கட்டுரை பொதுவாக அமைதியாகிவிடும். கோவா விசாரணை மன்றம் (1560–1812, இடையில் 1774 முதல் 1778 வரை நிறுத்தம்) போன்ற கட்டுரைகளில் அமைதியே வராது. மூல ஆவணங்களில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டதால் தண்டிக்கப்பட்டோர் எண்ணிக்கையை ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். எண்ணைத் தனியாக எழுதாமல், யார் எந்த ஆவணத்திலிருந்து கணக்கிட்டது என்று சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

மறைமாவட்டக் கட்டுரைகளில் பதுங்கியிருக்கும் இன்னொரு கண்ணி, பதுரவாதோ என்ற போர்ச்சுக்கீசிய அரசுரிமைக்கும் 1622ல் ரோமில் தொடங்கிய விசுவாசப் பரப்புப் பேராயத்துக்கும் இருந்த பூசல். இன்றைய சென்னை நகருக்குள் 1606ல் நிறுவிய மயிலாப்பூர் மறைமாவட்டம் ஒரு வழி, 1886ல் உயர்மறைமாவட்டமான மதராஸ் இன்னொரு வழி. 1952 நவம்பர் 13 அன்று இரண்டும் இணைந்தன. ஆயர் பட்டியலை ஒரே வரிசையாகக் கோத்தால் ஒரே ஆண்டில் இரண்டு பேர் ஒரே பதவியில் இருப்பதுபோல் தோன்றும். யாரோ ஒருவர் 'பிழை' என்று ஒருவரை நீக்குவார். 1952 வரை இரண்டு அட்டவணை, அதற்குப் பின் ஒன்று. லூயி மத்தியாசின் பெயர் மதராஸ் அட்டவணையின் கடைசியிலும் புதிய அட்டவணையின் தொடக்கத்திலும் இரண்டு முறை வரும். அது சரிதான். கோவாவுக்கு வேறு மாதிரிச் சிக்கல்: 1533 ஜனவரி 31, 1534 நவம்பர் 3 என்று இரண்டு தேதிகள். முன்னதற்கு ஏழாம் கிளமெண்டின் ஆணை, பின்னதற்கு மூன்றாம் பவுலின் ஆணை. இரண்டையும் எழுதிவிடுவதுதான் நேர்மை.

மறைமாவட்ட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் தம் ஆயரைப் பற்றி எழுதலாமா? தடை இல்லை. ஆனால் நேரடியாகத் தொகுக்காமல், தாம் யார் என்று சொல்லிவிட்டு உரையாடல் பக்கத்தில் திருத்தத்தை முன்வைப்பது முறை. வத்திக்கானின் அதிகாரப்பூர்வப் படங்களுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். பலர் அவற்றை 'இணையத்தில் கிடைத்தது' என்று விக்கியின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றி, அவை நீக்கப்பட்டதும் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தாமே எடுத்த கோயில் படத்தை ஏற்றச் சொன்னால் பிரச்சினை இல்லை.

புகை எழும் ஒரு மணி நேரம்

2025 மே 8 அன்று வெண்புகை எழுந்ததற்கும் மாடத்தில் பெயர் சொல்லப்பட்டதற்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. இப்படிப்பட்ட நேரத்தில் ஊகத்தில் அடிபட்ட கர்தினால்கள் எல்லோருடைய கட்டுரையிலும் 'இவர்தான் புதிய திருத்தந்தை' என்று எழுத ஆட்கள் வருவார்கள். நிர்வாகிகள் அந்தப் பக்கங்களை புதியவர்கள் தொகுக்க முடியாதபடி முன்னதாகவே அரைப் பூட்டில் வைப்பது இதனால்தான். அறிவிப்பு லத்தீனில், முதலில் திருமுழுக்குப் பெயர், பிறகு குடும்பப் பெயர், கடைசியில் பதவிப் பெயர் என்று வரும். ராபர்ட் பிரான்சிஸ் பிரீவோஸ்ட் என்பதற்கும் லியோ என்பதற்கும் இடையே சில விநாடிகள். தலைப்பை மாற்றுகிறவர் ஒருவராக இருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் நகர்த்தினால் கட்டுரை ஒரு பெயரிலும் அதன் உரையாடல் பக்கம் இன்னொரு பெயரிலும் கிடக்கும். நகர்த்திய பிறகு இரட்டை வழிமாற்றுகளை (ஒரு வழிமாற்று இன்னொரு வழிமாற்றுக்குப் போவது) சரிசெய்தல், பட்டியலில் 267ஆம் வரியைச் சேர்த்தல், பிரான்சிசின் 'பின்வந்தவர்' கட்டத்தை நிரப்புதல், திருத்தந்தை இல்லாத இடைக்காலத்தைச் சொல்லும் 'வெறுமையான ஆட்சிப்பீடம்' கட்டுரையில் ஏப்ரல் 21 முதல் மே 8 வரை என்று மூடுதல், விக்கித்தரவு. இந்த வரிசையில் போனால் சீக்கிரம் முடியும். முதல் நாளில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் தொகுப்பை மீளமைக்கக் கூடாது என்ற விதியை மறந்து தடைபெறும் பழைய கைகளும் உண்டு.

2013ல் வந்த கேள்வி ஒன்று இன்னும் முடியவில்லை. பிரான்சிஸ் பெயரை எடுத்துக்கொண்டபோது 'முதலாம்' என்று எழுத வேண்டாம், இரண்டாமவர் வரும்போதுதான் அது தேவைப்படும் என்று வத்திக்கான் சொல்லிவிட்டது. 1978ல் முதலாம் யோவான் பவுல் எடுத்த எடுப்பிலேயே 'முதலாம்' போட்டுக்கொண்டவர். ஆக ஒருவர் எண்ணோடும் ஒருவர் எண் இல்லாமலும் தலைப்பில் நிற்கிறார்கள். சீராக்குகிறேன் என்று இருவரையும் ஒன்றுபோல் ஆக்க ஆண்டுக்கு ஒருவராவது வருகிறார். அவருக்காக உரையாடல் பக்கத்தின் தலையில் ஒரு குறிப்பு வைத்தாயிற்று. இன்னொரு பிரான்சிஸ் தேர்வாகும் நாளில் இந்தக் கட்டுரை 'முதலாம்' என்று நகரும், இப்போதைய தலைப்பு பக்கவழி நெறிப்படுத்தல் (ஒரே பெயருள்ள பலரின் கட்டுரைகளைப் பட்டியலிடும் பக்கம்) ஆகும், அதற்கு வரும் இணைப்புகள் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து யாரைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கும். அந்த வேலையைக் குறைக்க இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 'முதலாம் பிரான்சிஸ் (திருத்தந்தை)', 'முதலாம் பிரான்சிசு (திருத்தந்தை)' என்ற வழிமாற்றுகளை இப்போதே போட்டு வைத்துவிடலாம்.